கண்ணனுக்குக் கேமரா வேண்டாம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மேசைமேல்தான் கிடக்கிறது. இரவில் அதன்மேல் சாவியை வைக்கிறேன், காலையில் எடுக்கிறேன், பதில் மட்டும் எழுதவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் என் குரலைக் கேட்டே நீ பாதியைப் பிடித்துவிடுவாய், மீதியை அம்மா பிடித்துவிடுவாள். தவிர, இதில் கண்ணனுக்கான விஷயம் நிறைய இருக்கிறது. காதில் கேட்டு மறப்பதைவிடக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டும்.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றால், காலையில் கதவைத் திறந்ததும் மூக்குக்குள் ஈரம் உறைந்து சுரீர் என்று இழுக்கிறதே, அதற்கு இப்போது திடுக்கிடுவதில்லை. அவ்வளவுதான்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். பறவைகளைப் படமெடுக்க முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த கேமராவை மாமா வாங்கி அனுப்புவார் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டானாமே. அனுப்ப முடியாது என்று நான் சொல்லவில்லை. தேவையில்லை என்கிறேன். இரண்டும் ஒன்றல்ல, சிரிக்காதே. பெரிய லென்ஸ் இல்லாமலே தூரத்துப் பறவையைப் படமெடுக்க ஒரு வழி இருக்கிறது. ஆறு மாதமாக நானே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். டிஜிஸ்கோப்பிங் என்று பெயர். பறவை பார்ப்பவர்கள் ஒற்றைக் கண்ணால் பார்க்க வைத்திருக்கும் சிறு தொலைநோக்கிக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் என்று பெயர். அதில் கண் வைக்கும் இடத்தில் கண்ணுக்குப் பதிலாகக் கேமராவை வைப்பது. 1999இல் மலேசியாவைச் சேர்ந்த லாரன்ஸ் போ என்ற பறவை ஆர்வலர் தன்னுடைய சிறிய டிஜிட்டல் கேமராவை ஸ்கோப்பின்மேல் பொருத்திப் பார்த்ததிலிருந்து இது பரவியது. இன்று அந்தக் கேமராவின் வேலையைப் போனே செய்துவிடுகிறது. கண்ணன் கையில் போன் இல்லாத நேரம் உண்டா?

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கீழ்வீட்டுப் பெரியவர். முன்பு எழுதியிருந்தேனே, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தொப்பி போடுகிறவர். அவர் முதன்முதலில் என் கதவைத் தட்டியது சண்டை போட. இரவு இரண்டு மணி வரை நான் அறைக்குள் நடக்கிறேனாம், அவர் தலைக்குமேல் பலகை முனகுகிறதாம். உடற்பயிற்சி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "ஆறு மணிக்குக் குளத்துக்கு வா. அங்கே நடந்தால் யாருக்கும் கேட்காது" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போய்விட்டார். மறுநாள் போனேன். பழைய கம்பளிக் காலுறையை ஸ்கோப்புக்கு மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். முதல் பறவையின் பெயரை நோட்டில் எழுதும் வரை வாய் திறக்கக் கூடாது என்பது அவர் சட்டம். சில நாள் அதற்கே முக்கால் மணி நேரம் ஆகிவிடும்.

இப்போது குளத்தின் ஓரமெல்லாம் உறைந்து, நடுவில் ஒரு வட்டம் மட்டும் தண்ணீராக மிஞ்சியிருக்கிறது. நாமக்கோழிகளும் நீர்க்காகங்களும் அந்த வட்டத்துக்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. வெறும் போனில் எடுத்தால் கரும்புள்ளிகள்தான். ஸ்கோப்பில் வைத்து எடுத்தால் நாமக்கோழியின் நெற்றி வெள்ளையும் சிவந்த கண்ணும் தெரிகின்றன. கணக்கு எளிது. போனின் பிரதான லென்ஸ் பெரும்பாலும் 26 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமம். 20 மடங்கு பெருக்கும் ஸ்கோப்பின் பின்னால் வைத்தால் 520 ஆகிவிடுகிறது. பெரிய கேமராக்காரர்கள் தோள் வலிக்கத் தூக்கிக்கொண்டு போகும் லென்ஸுக்கும் அதே எட்டம்தான். படத்தின் தரமும் அதே என்று பொய் சொல்லமாட்டேன். பறக்கும் குருவியை இதில் பிடிக்கவே முடியாது. நிற்கிற நாரை, கிளையில் காத்திருக்கும் மீன்கொத்தி, தூங்குகிற வாத்து, இவைதான் நமக்கு. பறவை கலையாத தூரத்திலேயே நாம் நின்றுவிடலாம் என்பது ஒரு நல்ல குணம். கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் எந்தத் தூரத்திலும் போய் நிற்க வேண்டாம் என்று சொல்.

ஸ்கோப்பும் உடனே வேண்டாம். அலமாரியின் மேல்தட்டில் அப்பாவின் பைனாகுலர் இருக்கிறதல்லவா, அதில் தொடங்கட்டும். 7×50 என்று பொறித்திருக்கும். ஏழு மடங்குதான், பறவை கிட்டத்தில் இருக்க வேண்டும். ஆனால் பழகுவதற்கு அதைவிட நல்லது இல்லை. 50 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். அதை 7ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஏழு வருகிறது. பின்பக்கம் வெளியே வரும் ஒளிவட்டம் ஏழு மில்லிமீட்டர் அகலம் என்று அர்த்தம். அதில் போன் லென்ஸ் சுலபமாக உட்கார்ந்துகொள்ளும். 60 மில்லிமீட்டர் ஸ்கோப்பில் 20 மடங்கு வைத்தால் அதே வட்டம் மூன்று மில்லிமீட்டர்தான். 60 மடங்குக்குத் திருகினால் ஒன்று! பரப்பில் கணக்குப் பார்த்தால் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்கு. அதனால்தான் அதிகப் பெருக்கத்தில் எடுத்த படமெல்லாம் சாம்பல் பூசியதுபோல இருக்கிறது. நானும் முதல் வாரம் முழுக்க 60இலேயே நின்று ஏமாந்தேன். இப்போது 20, மிஞ்சினால் 30, அதற்கு மேலே போவதில்லை.

போனைக் கையால் பிடித்துக்கொண்டு எடுக்க முயன்றால் எரிச்சல்தான் வரும். இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் பிறைபோல் கறுத்துவிடும். அதற்கென்று விற்கும் பிடிப்பான் இருக்கிறது, ஆனால் நான் வாங்கவில்லை. பைனாகுலரின் கண் பகுதியில் இறுக்கமாக நுழைகிற பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்று, போனின் பழைய உறை ஒன்று. உறையில் லென்ஸுக்கு நேராகக் குழாயை ஒட்டி, உள்ளே கறுப்புக் காகிதம் சுற்ற வேண்டும். என்னுடையது நான்காவது முயற்சியில்தான் சரியாக வந்தது. போன் மிக நெருங்கினாலும் மிக விலகினாலும் படத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும். காகித வளையங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துத்தான் சரியான தூரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மிச்சமிருக்கும் கொஞ்சம் வளையம், போனில் ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால் போய்விடும். இரண்டு மூன்று லென்ஸ் உள்ள போன் தானாகவே லென்ஸை மாற்றிவிடும், அமைப்பில் போய்ப் பிரதான லென்ஸிலேயே பூட்டி வைக்கச் சொல்.

நான் கொடுத்த பெரிய விலை ட்ரைபாடில்தான், ஸ்கோப்பைத் தாங்கும் முக்காலியில். மிச்சம் பிடிக்கிறேன் என்று மூங்கில் குச்சிபோல ஒன்றை வாங்கினேன். ஒரு மாதப் படம் முழுக்க இரண்டிரண்டு கொக்கு. பெரியவர் அதை ஒரு விரலால் தட்டினார், அது ஆடி நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கனமான பழைய மர ட்ரைபாட் ஒன்றைத் தன் கிடங்கிலிருந்து கொடுத்தார். கால்களின் மெல்லிய அடிப்பகுதியை நீட்டாமல், நடுவில் கல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டால் காற்றுக்கும் அசையாது. போனை மாட்டியதும் ஸ்கோப் பின்பக்கம் சாயும், அதனால் முன்னால் தள்ளிப் பொருத்த வேண்டும். திரையைத் தொட்டு எடுக்கவே கூடாது. இரண்டு நொடி டைமர், இல்லையென்றால் இயர்போன் பொத்தான்.

கொக்கு வெள்ளை என்பதால் ஒரு எச்சரிக்கை. கறுத்த தண்ணீரின் முன் நிற்கும்போது போன் மயங்கி வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கொக்கு சுண்ணாம்புக் கட்டியாகிவிடும். பறவைமேல் தொட்டுக் குவியத்தைப் பூட்டிவிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுக்க வேண்டும். வெயில் ஏறினால் தரையிலிருந்து காற்று நெளியும், அப்போது எந்த லென்ஸாலும் ஒன்றும் ஆகாது. காலையிலேயே முடித்துக்கொள்ளட்டும். குளிரில் போனின் பேட்டரி சடசடவென்று இறங்கிவிடும், சட்டைக்குள் வைத்துக்கொள்வேன். அந்தக் கவலை அவனுக்கு இல்லை.

பைனாகுலரில் கை பழகிய பிறகு, யாராவது பயன்படுத்திய ஸ்கோப்பைத் தேடலாம். பெயிண்ட் உரிந்திருந்தால் பரவாயில்லை. முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குவியத்தைத் திருப்பும் சக்கரம் தடங்கலில்லாமல் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். வானத்தின் முன்னால் ஒரு கம்பியைப் பார்த்தால், ஓரத்தில் ஊதாக் கோடு எவ்வளவு தடிமன் என்பதிலேயே கண்ணாடியின் யோக்கியதை தெரிந்துவிடும்.

படமாக எடுப்பதைவிட வீடியோவாக எடுத்து, அதிலிருந்து நல்ல ஒரு காட்சியைப் பிரித்தெடுப்பது எனக்கு அடிக்கடி பலிக்கிறது. போன ஞாயிறு அப்படித்தான் ஒரு சாம்பல் நாரையை எடுத்தேன். பனி ஓரத்தில் ஒற்றைக் காலில், கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நின்றது. இரவு அறைக்கு வந்து ஓடவிட்டபோது படத்தோடு ஒரு குரலும் கேட்டது. "அசையாதே, அப்படியே நில்லு, ஐயோ திரும்பாதே கண்ணு" என்று யாரோ தமிழில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான்தான். அந்த வாரத்தில் நான் வாய்விட்டுப் பேசிய தமிழ் அவ்வளவுதான் என்று அப்போதுதான் தோன்றியது, அக்கா. பதினோரு நொடி. மூன்று தடவை கேட்டேன். அப்பாவும் கன்றுக்குட்டியிடம் இப்படித்தான் பேசுவார் இல்லையா?

சரி, அதை விடு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எந்தக் கண்ணில் முதலில் என்று டாக்டர் சொன்னாரா? தேதி முடிவானதும் உடனே எழுது. இரண்டு கண்ணையும் சேர்த்துச் செய்யச் சொல்லி அம்மா பிடிவாதம் பிடிப்பாள், ஒப்புக்கொள்ளாதே. சித்தப்பா அனுப்பிய பத்திரத்தைப் படித்தேன். கிழக்குச் சுவரின் அளவு பழைய பத்திரத்தோடு ஒத்துவரவில்லை. அதைத் திருத்தாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அத்தானை விட்டே சொல்லச் சொல். நீ சொன்னால் சண்டையாகும், அவர் சொன்னால் பேச்சுவார்த்தை. இந்த மாதம் வழக்கமாக அனுப்புவதில் பாதிதான் வரும். வேலையில் கணக்கு மாற்றுகிறார்கள், அந்தத் தாமதம்தான், வேறொன்றும் இல்லை. கூரை வேலைக்குக் கொத்தனாரிடம் இன்னும் ஒரு மாதம் தவணை கேள்.

பைனாகுலரின் தோல் பைக்கும் பூஞ்சை பிடித்திருக்கும், கண்ணாடியைப் பையோடு மறுபடி வைக்காதே. புடவை முந்தானையால் துடைக்காதே. முதலில் ஊதித் தூசியைத் தட்டச் சொல். அலமாரிச் சாவி சுவாமி படத்துக்குப் பின்னால் இல்லை. போகும்போது நான்தான் தையல் மிஷின் இழுப்பறையில் போட்டுவிட்டு வந்தேன், சொல்ல மறந்துவிட்டேன்.

அன்புடன்,
உன் தம்பி

பின்குறிப்பு: வருடக் கடைசியில் வருவேனா என்று அம்மா கேட்டால், டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்.