மாவுக்கட்டு எங்கே போனது? திரையரங்க நிர்வாகத்தாருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். மயிலாடுதுறையில் எந்தத் திரையரங்கம் என்று பெயர் சொல்லிச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. போன ஞாயிறு இரவுக் காட்சியில் எதை விழுங்கினீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

மாலைக் காட்சி தாமதமாக முடிந்ததாம். அதை ஈடுகட்ட, தணிக்கைச் சான்றிதழைக் காட்டிய கையோடு தொடக்கக் காட்சியைத் தாண்டி ஓட்டிவிட்டீர்கள். முன்னும் பின்னுமாகக் கதை சொல்லும் கொள்ளைப் படம் அது. கும்பகோணத்தில் ஏற்கெனவே பார்த்திருந்ததால் எனக்குத் தெரியும், கொள்ளையின்போது நாயகனின் கை உடைவது அந்தக் காட்சியில்தான். அப்புறம் படம் முழுக்க, கையில் மாவுக்கட்டு இருந்தால் கொள்ளைக்குப் பிந்தைய கதை, இல்லாவிட்டால் முந்தைய கதை. வேறு அடையாளமே கிடையாது.

பக்கத்து இருக்கையில் குத்தாலத்துப் பெரியவர் ஒருவர். "தம்பி, இப்பத்தான கட்டோட நின்னான், அதுக்குள்ள எப்படி வண்டி ஓட்டுறான்?" என்றார். கொஞ்ச நேரத்தில், "சரி, டபுள் ஆக்ட் போல" என்று அவரே முடிவுகட்டி, கிளைமாக்ஸ் வரை அந்த இரண்டாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது அவரிடம் திட்டு வாங்கியவர் டைரக்டர். நீங்கள் அல்ல.

மேனேஜரிடம் கேட்டேன். "முன்னாடி ஒண்ணும் இல்ல சார், போகப் போகப் புரிஞ்சிடும்" என்றார். ஐயா, படத்தை முழுசாகப் போடுங்கள்.

இது ஏதோ நேற்று வந்த பாணி அல்ல. 1954இல் வந்த ‘அந்த நாள்’ படத்தில், தஞ்சாவூர்ப் பக்கத்துச் சூரக்கோட்டைக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடும் சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் செத்துப்போவார். மிச்சமெல்லாம் ஆளாளுக்குச் சொல்லும் பழைய கதை. உங்கள் ஆபரேட்டர் ஓட்டியிருந்தால் கொலையே இல்லாமல் விசாரணை நடந்திருக்கும். ‘விருமாண்டி’யில் (2004) நடந்ததைக் கொத்தாளத் தேவர் ஒருவிதமாகச் சொல்வார், விருமாண்டி வேறுவிதமாகச் சொல்வார். "வந்த சீன்தானே" என்று இரண்டாவதைத் தாண்டினால் பொய் சொன்னவன் ஜெயித்துவிடுவான். ‘மகாராஜா’வில் (2024) எது எந்த வருஷம் என்பதுதான் முடிச்சே!

நகைக்கடை விளம்பரமும் மனை விளம்பரமும் மட்டும் ஒரு நொடி குறையாமல் ஓடின. இடைவேளைக்கு அப்புறம் ஏசியை அணைப்பதிலும் உங்கள் நேரம் தவறியதில்லை. வண்டி நிறுத்தக் கட்டணம்... சரி, அது வேறு பஞ்சாயத்து.

தயவுசெய்து படத்தை முழுசாகப் போடுங்கள். தாமதமானால் தாமதமாகவே தொடங்குங்கள், காத்திருக்கிறோம். முடியும் நேரத்தை டிக்கெட் கவுண்டரில் எழுதி வைத்தால் கடைசி பஸ் பிடிப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வெட்டியே தீர வேண்டுமென்றால் விளம்பரத்தை வெட்டுங்கள். வரும் வெள்ளிக்கிழமை போடும் படத்திலிருந்தாவது இதைச் செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கும் ஒருவன்