கொர்பானும் தானப்பத்திரமும்

ஆசிரியருக்கு,

'உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணு' என்ற வேதாகமக் கட்டளையை நம் சபைகள் ஞாயிறு பள்ளிச் சிறுவர்களுக்குத்தான் அதிகம் போதிக்கின்றன. மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு அதை நினைவூட்டியதோ வளர்ந்தவர்களுக்கு. 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோருக்குச் சேர வேண்டியதை நிறுத்தியதையே அவர் கண்டித்தார். கனம்பண்ணுவதில் சோறும் மருந்தும் அடங்கும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைச் சபைக்குக் கொடுக்கத் தவறாதவர்கள் கவனிக்க!

பெற்றோருக்குச் சட்ட உரிமையும் உண்டு. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கிடைக்கும்.

சிக்கல் வருவது வீட்டைப் பிள்ளைக்குத் தானப்பத்திரமாக எழுதிக்கொடுக்கும்போது. 'அன்பின் நிமித்தம்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். அடிப்படைத் தேவைகளைப் பிள்ளை கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால், அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அதை ரத்து செய்வது கடினம். நிபந்தனை கேட்பது பிள்ளையை அவமதிப்பதாகாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்கிறது எபேசியர் 6:4. சொத்து முழுவதையும் மகனுக்கு எழுதிவிட்டு, பராமரிப்பை மட்டும் மகளிடம் எதிர்பார்ப்பது எந்த நியாயம்? பத்திரம் எழுதும் முன் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசும்படி போதகர்களாவது சொல்லலாம்.

– வாசகர், பாளையங்கோட்டை