காப்புக் கட்டுக்குப் பிந்தி வந்தவன்

சென்னை,
20.1.2026

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். பொங்கலையொட்டி வரும் பூ நோம்பியன்று காங்கேயம் வருவதாகச் சொல்லிவிட்டு நீ வராமல் இருந்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனால் போகியன்று நான் ஊர் போய்ச் சேர்ந்த அழகை எழுதினால், உன்னைக் கேட்க எனக்கு வாய் ஏது என்று நீயே திருப்பிக் கேட்பாய்.

அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டுப் பிற்பகலுக்குள் வீடு சேர்வது என்பது திட்டம். முந்தைய நாள் அலுவலக வேலையை இரவு வெகு நேரம் வரை இழுத்துவிட்டுப் படுத்ததால், போகிப் புகை தெருவை மூடியிருந்த 6.30 மணிக்குத்தான் வண்டியை எடுத்தேன். அந்த இரண்டரை மணி நேரத் தாமதம் முழுக்க முழுக்க என்னுடையது. மற்றவற்றுக்கு யாரைக் குறை சொல்வதென்று இன்றுவரை தெரியவில்லை. செங்கல்பட்டைத் தாண்டும்போது மணி 10.

சுங்கச்சாவடியில் இப்போது சில்லறை எண்ணும் வேலை இல்லை. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயமாகிவிட்டது. நானும் 3,000 ரூபாய் கட்டி, 200 முறை கடப்பதற்கான ஆண்டுச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆயினும் எனக்கு முன்னால் நின்ற வண்டியின் அட்டையைக் கருவி படிக்க மறுத்தது; ஓட்டுநர் இறங்கிக் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார், வண்டியைப் பின்னுக்கு எடுத்தார், மறுபடி முன்னுக்கு விட்டார், அதற்குள் எங்கள் வரிசையே ஒலிப்பானாக மாறிவிட்டது. சாவடியைக் கடந்துவிட்டால் விடுதலை என்று நினைத்தது இன்னொரு பிசகு. பத்துக்கும் மேற்பட்ட வாயில்களின் வழியே வெளியேறும் வண்டிகள் அனைத்தும் சற்றுத் தொலைவிலேயே இரண்டு தடங்களுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது என்பதால், வாயில்களைக் கூட்டினாலும் நெரிசல் நூறு மீட்டர் தள்ளிப் போய் நிற்கிறதே தவிரக் குறைவதில்லை.

நீ ஒரு முறை சொன்ன ஜப்பானியச் சோதனை திண்டிவனத்துக்கு இப்பால் நினைவுக்கு வந்தது. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்திலேயே போகுமாறு சொன்னார்களாம். தடை ஏதும் இல்லாமலேயே சிறிது நேரத்தில் ஓரிடத்தில் கார்கள் தேங்கி, அந்தத் தேக்கம் அலையாகப் பின்னோக்கி நகர்ந்ததாம். 2008-இல் அந்த ஆய்வு வெளிவந்ததையும் நீதான் சொன்னாய். அன்று கேட்டுத் தலையாட்டியதோடு சரி. இப்போது முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்குகள் எரிவதும், நான் நிற்பதும், பின்னால் இருப்பவர் இன்னும் அழுத்தி மிதிப்பதும், காரணமே இல்லாமல் எல்லாம் கலைந்து 80-இல் பறப்பதும், மூன்று கிலோமீட்டர் போனதும் மீண்டும் நிற்பதுமாகப் பாடத்தைக் காலாலேயே படித்தேன். விபத்தாவது நடந்திருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்தேன். ஒரு பழுதான லாரிகூட இல்லை.

உளுந்தூர்பேட்டையில் மேற்கே திரும்பிய பிறகு ஆத்தூர், சேலம் வரை சொல்லும்படி எதுவும் இல்லை. சங்ககிரிக் கோட்டை தெரிந்ததும் வழக்கம் போலப் பிள்ளைகளிடம் தீரன் சின்னமலை 1805-இல் இங்குதான் தூக்கிலிடப்பட்டார் என்று தொடங்கினேன். 'போன வருசமும் சொன்னீங்கப்பா' என்றாள் சின்னவள். அந்நேரம் அம்மாவின் அழைப்பு வந்தது. வெளிச்சம் போவதற்குள் காப்புக் கட்டிவிட்டார்களாம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி, இறவாரம், கட்டுத்தறி, கிணற்றுமேடு, தோட்டத்து மூலை என்று செருகிக்கொண்டு போவது, அப்பாவுக்கு முட்டி வலி வந்த பிறகு என் பொறுப்பாகியிருந்த வேலை. ஒன்பது ஆண்டுகளில் தவறியது இது முதல் தடவை. அந்த அழைப்புக்குப் பிறகு பவானியில் காவிரிப் பாலத்தைக் கடந்தபோது வழக்கமான குதூகலம் வரவில்லை. (அந்தத் தேசிய நெடுஞ்சாலைக்கு 544 என்று எண் மாற்றி எத்தனையோ ஆண்டுகளாகியும், உன்னைப் போலவே எனக்கும் அது நாற்பத்தேழுதான்.)

பெருந்துறையில் பிரிந்து சென்னிமலை வழியாக வீடு சேர்ந்தபோது மணி 8.40. வாசலில் செருப்புகளைப் பார்த்தே பங்காளிகள் அனைவரும் வந்துவிட்டது தெரிந்தது. மொத்தம் 27 பேர், நாங்கள்தான் கடைசி. அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

'எங்கடா தங்கீட்ட? வழியில ஏதாச்சும் ஆகிப் போச்சா?'

'ஒண்ணுமில்லீங்கப்பா' என்றேன். பதினான்கு மணி நேரத்துக்கு அது பதிலாகுமா? வண்டி பழுதானது என்றோ, மழை என்றோ இருந்தால் சொல்லிவிடலாம். முன்னால் போனவன் தேவையில்லாமல் பிரேக் போட்டான் என்று எழுபத்தொன்பது வயதுக்காரரிடம் எப்படிச் சொல்வது? அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஈரத்துணி சுற்றிய ஒரு கொத்தை எடுத்து, கைபேசி வெளிச்சத்தில் பிள்ளைகள் வழி காட்ட, மெல்லக் குனிந்து காரின் முன்பக்கக் கம்பிச் சட்டத்தில் செருகினார். காருக்கென்று ஒரு காப்பை எடுத்து வைத்திருக்கிறார்! நான்தான் செருகுகிறேன் என்று கை நீட்டியும் கொடுக்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று பட்டியில், மாடுகள் மிதித்துக் கடப்பதற்கான சிறிய தெப்பக்குளம் கட்டினோம். இப்போது இருப்பவை ஒரு காங்கேயம் பசுவும் இரண்டு கன்றுகளும்தான். பெரிய கன்றுக்குச் செவலை (சிவப்பு) மாறி மயிலை (சாம்பல்) நிறம் ஏறத் தொடங்கியிருக்கிறது. சின்னது குளத்தை மிதிக்க மாட்டேன் என்று விளிம்பில் கால் ஊன்றி நின்றுவிட்டதால், 'பட்டி பெருக, பால் பானை பொங்க' என்று கூவியபடி பின்னால் வந்த கூட்டம் முழுவதும் ஒருவர் மேல் ஒருவராக முட்டிக்கொண்டு நின்றது. திண்டிவனத்து நெரிசலைவிட இதற்காவது ஒரு காரணம் இருந்தது.

அடுத்த ஆண்டு ரயிலில் போய்விடலாம் என்கிறாள் மனைவி. 60 நாள் முன்பே ஈரோடு வரை முன்பதிவு செய்துவிடலாம்தான். ஆனால் திரும்பும்போது அரிசி சிப்பம், தேங்காய், செக்கில் ஆட்டிய எண்ணெய், அத்தை கொடுத்தனுப்பிய கச்சாயத் தூக்குப்போசி ஆகியவற்றை யார் தலையில் ஏற்றுவது? எங்கள் ஊர்க்காரர்கள் இத்தனை பேர் காரிலேயே போய்ச் சாலையில் சாவதற்கு இந்தத் திரும்பும் சுமைதான் பாதிக் காரணம் என்பது என் கணிப்பு.

பூளைப்பூ உதிராமல் இன்னும் காரில் இருக்கிறது. அப்பா உன்னைக் கேட்டார். கோவையிலிருந்து இரண்டு மணி நேரம்கூட இல்லை, ஏன் வரவில்லை என்றார். எனக்குத் தெரியாததால், சாலை நெரிசல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாசியில் நீ நேரில் போகும்போது வேறு காரணம் எதையும் சொல்லிவிடாதே.

உன் பழைய விடுதித் தோழன்