கம்பாசிட்டர்கள் வாங்கித் தந்த லீவு

ஸ்கார்பரோ, டொரண்டோ, கனடா
7.9.2025

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அப்பாவுக்குப் போனில் சரியாகக் கேட்காது, கடிதம்தான் வழி என்று தெரிந்தும் எழுதாமல் இருந்துவிட்டேன். மன்னிக்கணும் அப்பா.

இங்கே ஒரு குறையும் இல்லை. கோடவுனில் இப்போது ராத்திரி ஷிப்ட். வாரத்துக்கு மூன்று நாள்தான் கூப்பிடுகிறார்கள், அதனால் நல்ல ஓய்வு கிடைக்கிறது. குளிர் இன்னும் வரவில்லை.

மேல்வீட்டு இத்தாலியத் தாத்தாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், ஞாபகம் இருக்கும். போன சனிக்கிழமை காலையில் வந்து கதவைத் தட்டினார். கார் நிறுத்தும் கொட்டகையில் பெட்டி பெட்டியாக நீளத் தக்காளி. இந்த ஊர் இத்தாலியர்கள் கோடை முடியும்போது வருஷத்துக்கும் தேவையான தக்காளிச் சாற்றைக் காய்ச்சி வைத்துக்கொள்கிறார்கள், நம் வீட்டில் சித்திரை வெயிலில் வடாம் போடுகிற மாதிரி. அவரும் மகளும் நானும் சாயங்காலம் வரை அரைத்தோம், காய்ச்சினோம், பாட்டில் பாட்டிலாக நிரப்பினோம். ஒவ்வொன்றிலும் துளசி மாதிரி ஒரு இலை போட்டு மூடுகிறார்கள். அம்மா, அந்த வாசனையில் உன் தக்காளித் தொக்கு ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

திங்கட்கிழமை லேபர் டே. நமக்கு மே 1 போல இங்கே செப்டம்பர் முதல் திங்கட்கிழமைதான் தொழிலாளர் தினம். பாட்டில் நிரப்பும்போது தாத்தா அதன் கதையைச் சொன்னார். அப்பா, இதற்காகத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். இந்த லீவை ஆரம்பித்து வைத்தவர்கள் உங்களைப் போல அச்செழுத்துக் கோர்க்கிற கம்பாசிட்டர்கள்!

1872 மார்ச் மாதம் டொரண்டோ அச்சுத் தொழிலாளர்கள், ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய மாட்டோம் என்று ஸ்டிரைக் செய்தார்கள். ஏப்ரல் 15 அன்று குயின்ஸ் பார்க்கில் பத்தாயிரம் பேர் கூடினார்கள். 'குளோப்' பத்திரிகை முதலாளி ஜார்ஜ் பிரவுன் சும்மா விடவில்லை. சங்கம் சேர்ந்து நிற்பதே சதி என்கிற பழைய சட்டத்தைக் காட்டி, கமிட்டிக்காரர்கள் 24 பேரைப் பிடிக்க வைத்தார். அவருடைய அரசியல் எதிரி கனடா பிரதமர் மெக்டொனால்ட். அந்த ஜூன் மாதமே சங்கம் வைப்பது குற்றமில்லை என்று மெக்டொனால்ட் சட்டம் கொண்டுவந்துவிட்டார். ஆனால் ஸ்டிரைக் செய்த பலருக்கு வேலை போனது, ஊரை விட்டே போனார்கள். லீவு சட்டமானது 1894-இல்.

ஒன்பது மணி நேரம் என்று அவர் சொன்னதும் எனக்குத் தை மாதம்தான் நினைவுக்கு வந்தது. கல்யாணப் பத்திரிகை குவிந்து நீங்கள் ராத்திரி பதினோரு மணிக்கு வருவீர்கள். அம்மா தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றை, ஈயக் கறுப்பு போகாத கட்டைவிரலோடு பிசைவீர்கள். அந்த விரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நான் தூங்கிவிடுவேன். ஒரு நாள்கூட நீங்கள் நேரக் கணக்குச் சொன்னதில்லை. மே 1 அன்று மட்டும் பிரஸ் வாசலில் கொடியேற்றி எங்களுக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கித் தருவீர்கள்.

திங்கட்கிழமை காலை தாத்தாவோடு நானும் ஊர்வலத்தில் போனேன். குயின் தெரு வழியாக எக்ஸிபிஷன் மைதானம் வரை நர்சுகள், ஆசிரியர்கள், தச்சர்கள், எலெக்ட்ரீஷியன்கள் என்று அவரவர் சங்கப் பதாகையோடு நடந்தார்கள். தாத்தா கட்டட வேலை பார்த்தவர். 1960-இல் இங்கே ஹாக்ஸ் ஹாலோ என்ற இடத்தில் தண்ணீர்க் குழாய்ச் சுரங்கத்துக்குள் மாட்டி இத்தாலியத் தொழிலாளிகள் ஐந்து பேர் செத்தார்கள், அவர்களை நினைத்துத்தான் வருஷம் தவறாமல் நடக்கிறேன் என்றார். நான் அச்சுத் தொழிலாளர் பதாகை எங்கேயாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தால் எப்படி இருக்கும் அப்பா? கண் கலங்கிவிட்டது. தாத்தா ஒன்றும் கேட்காமல் தோளில் கை போட்டுக்கொண்டார்.

அன்று ராத்திரி வேலைக்கு நானே பெயர் கொடுத்தேன். லீவு நாள் என்றால் ஒன்றரைப் பங்கு கூலி. அதனால் இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைந்தாலும் கவலை வேண்டாம், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்.

அப்பா, கண் புரை ஆபரேஷனைத் தீபாவளிக்குப் பிறகு என்று தள்ள வேண்டாம். சின்ன மாமாவை அழைத்துக்கொண்டு இந்த மாதமே தேதி வாங்கிவிடுங்கள். பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீசுக்கு நீங்கள் அலைய வேண்டாம், அதையும் மாமாவே பார்க்கட்டும். அம்மா, செல்வி வளைகாப்புக்குப் பட்டுப்புடவை கடனுக்கு எடுக்காதே. என்ன விலை என்று மட்டும் எழுது. கொல்லைப்புறத்து ஓடு ஒழுகினால் ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள், கொத்தனார் கூலி எவ்வளவு கேட்கிறார் என்று அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
குமார்