நடுவர்களின் பதிவேட்டைப் பொதுவில் வையுங்கள்

இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து நடுவர்களை நிர்வகிக்கும் பி.ஜி.எம்.ஓ.எல். அமைப்பினருக்கு,

வணக்கம். சென்னையில் இருந்து எழுதுகிறேன். நான் லிவர்பூல் ரசிகன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் யார் பக்கம் என்று தெரிந்தால்தான் என் பேச்சில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று நீங்கள் முடிவு செய்ய முடியும். உங்கள் நடுவர்களிடமிருந்தும் எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

வாராவாரம் நியமனப் பட்டியல் வெளியிடுகிறீர்கள். இந்த ஆட்டத்துக்கு இவர் ரெஃப்ரி, இவர் வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்து உதவும் நடுவர்), இவர் நான்காவது நடுவர். பெயர் வருகிறது, காரணம் வருவதில்லை. எந்த கிளப்பின் ரசிகர் என்று ஒவ்வொரு நடுவரும் உங்களிடம் எழுதிக் கொடுக்கிறார், அந்த கிளப்பின் ஆட்டத்துக்கு அவரை நீங்கள் போடுவதில்லை, இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாள் உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. அதை வெளியிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வாட்ஸாப் குழுவில் லிவர்பூல், ஆர்சனல், மான்செஸ்டர் யுனைடெட், செல்சி என்று எல்லா அணிக்காரர்களும் இருக்கிறோம். முன்பெல்லாம் ஆட்டத்துக்கு முன்னால் யார் தொடக்க பதினொன்றில் வருவார், யாருக்குக் காயம் என்றுதான் சண்டை நடக்கும். இப்போது உங்கள் பட்டியல் வந்த அரை மணி நேரத்தில் யாராவது ஒருவர் ரெஃப்ரியின் சொந்த ஊரைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து மைதானம் எத்தனை மைல் என்று மேப்பில் போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிவிடுகிறார். உடனே இன்னொருவர் அதே ரெஃப்ரி எட்டு வருடத்துக்கு முன்னால் கொடுக்காத பெனால்டியின் வீடியோவைத் தேடிக் கொண்டுவருகிறார். ஆட்டம் முடிந்த பிறகும் இதே பேச்சுதான். அற்புதமாக ஒரு கோல் விழுந்திருக்கும், அதைப் பற்றி இரண்டு வரி எழுத ஆள் இருக்காது. பள்ளிக்கூடத்திலிருந்தே சேர்ந்து ஆட்டம் பார்த்த இரண்டு பேர் இந்த வாக்குவாதத்தில் முகம் முறித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார்கள். யார் சொன்னது சரி என்று என்னால் எடுத்துக் காட்ட முடியவில்லை. காட்டுவதற்குக் கையில் ஒரு தாளும் இல்லை.

நடுவர் ஆண்டனி டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மான்செஸ்டரின் விதன்ஷா பகுதிக்காரர். கீழ்நிலை லீகில் ஆடும் ஆல்ட்ரிங்கம் கிளப்பின் ஆதரவாளர் என்று பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கிறது. 2016 அக்டோபரில் லிவர்பூல்–யுனைடெட் ஆட்டத்துக்கு அவரைப் போட்டபோது, உங்கள் அமைப்பின் முன்னாள் தலைவர் கீத் ஹாக்கெட்டே அந்த நியமனத்தைக் குறை சொன்னார். அன்று முதல் இன்று வரை 'டெய்லர் யுனைடெட்காரர்' என்று நம்புகிறவர்கள் ஏராளம். 2022-ல் அவர் இனி செல்சி ஆட்டங்களை நடத்தவே கூடாது என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்த தாளை முதல் நாளே காட்டியிருந்தால் இதில் பாதி எழுந்திருக்காது. மறைத்து வைத்ததால் அவருக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது?

அடுத்து வருவதுதான் எனக்கு மனம் ஆறாத விஷயம். 2016 ஏப்ரலில் ஸ்டோக்–டாட்டன்ஹாம் ஆட்டத்துக்கு கெவின் ஃபிரெண்டை நியமித்தீர்கள். அப்போது பிரீமியர் லீக் பட்டத்துக்கான போட்டி லெஸ்டருக்கும் டாட்டன்ஹாமுக்கும் இடையில். ஃபிரெண்ட் லெஸ்டர் பகுதியில் வசிப்பவர். லெஸ்டர் அந்த ஆட்டத்தில் ஆடவே இல்லை, இருந்தாலும் அதன் முடிவு லெஸ்டரைப் பாதிக்கும் என்பதால் அவரை எடுத்துவிட்டு நீல் ஸ்வார்பிரிக்கைப் போட்டீர்கள். ஃபிரெண்டின் நேர்மையை யாரும் சந்தேகப்படவில்லை. அது சரியான முடிவு, அன்று உங்களை மனதாரப் பாராட்டினேன்.

எட்டு வருடம் கழித்து, 2024 ஏப்ரல் 21. குடிசன் பார்க்கில் எவர்ட்டனும் நாட்டிங்கம் ஃபாரஸ்ட்டும். ஃபாரஸ்ட் 17-வது இடத்தில், ஒரே ஒரு புள்ளி கீழே லூட்டன். இரண்டில் ஒன்று கீழ்நிலை லீகுக்கு இறங்க வேண்டிய நிலை. வி.ஏ.ஆர். பொறுப்பில் ஸ்டூவர்ட் ஆட்வெல். எவர்ட்டன் வீரர் ஆஷ்லி யங் சம்பந்தப்பட்ட மூன்று பெனால்டி முறையீடுகள், மூன்றும் மறுக்கப்பட்டன, ஃபாரஸ்ட் 2-0 என்று தோற்றது. ஆட்டம் முடிந்ததுமே, ஆட்வெல் லூட்டன் ரசிகர் என்று முன்கூட்டியே எச்சரித்தும் அவரை மாற்றவில்லை என்று ஃபாரஸ்ட் சமூக ஊடகத்தில் எழுதியது. அப்படி எழுதியதற்கு அந்த கிளப்புக்கு ஏழரை லட்சம் பவுண்டு அபராதம்.

அந்த மூன்றும் பெனால்டியா இல்லையா என்று வாதாட நான் வரவில்லை. ஃபாரஸ்ட் எழுதிய விதமும் எனக்குப் பிடிக்கவில்லை, ஒரு மனிதரை லட்சக்கணக்கானவர்கள் முன்னால் அப்படி நிறுத்தியிருக்கக் கூடாது. ஆனால் 2016-ல் பொருந்திய நியாயம் 2024-ல் ஏன் பொருந்தவில்லை? பட்டத்துக்கான சண்டைக்கு ஒரு நியாயம், கீழே விழாமல் இருக்கும் சண்டைக்கு வேறு நியாயமா? கேள்வி கேட்டவருக்கு அபராதம் போட்டாயிற்று. கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே?

எங்கள் ஊரில் பொதுத்தேர்வு நடக்கும்போது, தன் பிள்ளை எழுதும் அறைக்கு ஓர் ஆசிரியர் கண்காணிப்பாளராகப் போனால் ஊரே கேட்கும். அவர் எவ்வளவு நல்லவர் என்று தெரிந்தாலும் கேட்கும். அந்த ஆசிரியரை யாரும் திருடன் என்று சொல்லவில்லை. அவரை அந்த இடத்தில் நிறுத்தியவர்களைத்தான் கேட்கிறார்கள்.

சொந்த கிளப் பாசம் ஒரு பக்கம் என்றால், வெளிநாட்டு ஆட்டங்கள் இன்னொரு பக்கம். 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம்–லிவர்பூல். இங்கே இரவு பத்து மணிக்குத் தொடங்கிய ஆட்டம். எங்கள் அணி பத்து பேராகிவிட்ட பிறகு, சலாவின் பாஸில் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்குக் கோட்டு நடுவர் ஆஃப்சைடு என்று கொடி தூக்கினார். டியாஸ் ஆஃப்சைடில் இல்லை. வி.ஏ.ஆர். அறையில் இருந்த டேரன் இங்கிலாந்து, மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சரிபார்ப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டார். அதனால் கோல் இல்லை என்ற முடிவே நின்றது. பிறகு நீங்களே வெளியிட்ட ஒலிப்பதிவைக் கேட்டேன். மறுஒளிபரப்பை இயக்கும் ஊழியர்தான் முதலில் தடுமாறுகிறார், மைதானத்தில் ஆஃப்சைடு என்றுதானே கொடுத்தார்கள், இது உங்களுக்குச் சரிதானா என்று கேட்கிறார். அறையில் ஒரு நொடி அமைதி. அப்புறம் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி ஒருவர் மன்றாடுகிறார், ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற பதிலே திரும்பத் திரும்ப வருகிறது. கடைசி நிமிடங்களில் சொந்த கோல் போட்டு 2-1 என்று தோற்றோம்.

தவறு மனிதர்களுக்கு நடக்கும். அதை ஏற்கிறேன், ஒலிப்பதிவை வெளியிட்ட உங்கள் நேர்மையையும் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, டேரன் இங்கிலாந்தும் உதவி வி.ஏ.ஆர். டான் குக்கும், நான்காவது நடுவராக இருந்த மைக்கேல் ஆலிவரும் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஷார்ஜா–அல் ஐன் ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளர் அமீரகத்தின் துணை அதிபர். அடுத்த வாரமே, அக்டோபர் 8 அன்று, ஆர்சனல்–சிட்டி ஆட்டத்தை நடத்தியவர் அதே ஆலிவர். சிட்டி வீரர் கோவாசிச்சுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை ஏன் காட்டவில்லை என்ற கேள்வி எழுந்தபோது, எங்கள் குழுவின் ஆர்சனல்காரர்கள் அந்த விமானப் பயணத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஆர்சனல் 1-0 என்று ஜெயித்த பிறகும் விடவில்லை. ஆலிவர் அந்தப் பயணத்தால் வளைந்தார் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைக்க இடம் கொடுத்தது யார் என்று மட்டும் கேட்கிறேன். வெளிநாட்டுப் பணி பற்றிய கொள்கையை மறுபரிசீலனை செய்வதாக அன்று அறிவித்தீர்கள். எந்த நடுவர் எங்கே போனார், யார் அழைத்தார், எவ்வளவு வாங்கினார் என்று நாங்கள் பார்க்க ஓர் இடம் வேண்டும்.

எங்களுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பீர்கள். சுற்றிலும் பாருங்கள். ஸ்பெயினில் நடுவர் குழுவின் துணைத்தலைவராக இருந்த நெக்ரெய்ராவுடன் தொடர்புடைய நிறுவனங்களுக்கு, 2001 முதல் 2018 வரை பார்சிலோனா 70 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்திருக்கிறது. தவறு எதுவும் செய்யவில்லை என்கிறது கிளப். ஆனாலும் 2023-ல்தான் அது வெளியே வந்தது. அத்தனை வருடம் யாரும் பார்க்காமல் போன கணக்கு அது. துருக்கியில் 2025 அக்டோபரில் 571 நடுவர்களைச் சோதித்ததில் 371 பேருக்குப் பந்தயக் கணக்கு இருந்ததாக அந்நாட்டுக் கூட்டமைப்பே சொன்னது. உங்கள் வீட்டிலும் நடுவர் டேவிட் கூட் விவகாரம் நடந்தது. லிவர்பூலையும் அதன் முன்னாள் பயிற்சியாளர் கிளாப்பையும் அவர் திட்டிய வீடியோ 2024 நவம்பரில் வெளியானது, டிசம்பரில் நீக்கினீர்கள். வீடியோ வெளியாவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் எங்கள் ஆட்டம் ஒன்றை அவர் நடத்தியிருந்தார். யாரோ ஒருவர் போனில் எடுத்த வீடியோ கசிந்ததால்தான் நமக்கு விஷயமே தெரிந்தது. ஒரு லீக் தன் நடுவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளும் வழி இதுவா?

கிளப் பெயரை வெளியிட்டால் நடுவர்களுக்கு ஆபத்து என்று சொல்லலாம். 2023-ல் யூரோப்பா லீக் இறுதிக்குப் பிறகு புடாபெஸ்ட் விமான நிலையத்தில் டெய்லரையும் அவர் குடும்பத்தையும் சூழ்ந்து நாற்காலி வீசியதை நானும் பார்த்தேன், வயிற்றைப் பிசைந்தது. அதனால்தான் வீட்டு முகவரியோ குடும்ப விவரமோ கேட்கவில்லை. வதந்தி ஏற்கெனவே ஊர் சுற்றுகிறது, அதை மறுக்கத்தான் உண்மை தேவைப்படுகிறது. ஐரோப்பியப் போட்டிகளில் வேறு நாட்டு நடுவரைப் போட்டுவிடலாம். உள்நாட்டு லீகில் வாராவாரம் அப்படிச் செய்வது எளிதல்ல. நடுவர்கள் எல்லோரும் கால்பந்தை நேசித்து வளர்ந்தவர்கள், அவர்களுக்கும் ஓர் அணி இருக்கத்தான் செய்யும். அது குற்றமே இல்லை. சொல்லிவிட்டால் போதும்.

அதனால் மறுபடியும் கேட்கிறேன், பதிவேட்டை வெளியிடுங்கள். எந்த நடுவர் எந்த கிளப்பின் ஆட்டங்களில் இருந்து விலக்கப்பட்டிருக்கிறார், அந்த சீசனில் வெளிநாட்டில் என்ன ஆட்டம் நடத்தினார், யாரிடம் பணம் பெற்றார், இவ்வளவு போதும். பட்டத்தையோ கீழிறக்கத்தையோ தொடும் ஆட்டங்களில், மறைமுகமாகப் பயன்பெறும் கிளப்பின் ரசிகரை நியமிப்பதில்லை என்று விதியாகவே எழுதிவையுங்கள். ஒரு கிளப் ஆட்டத்துக்கு முன்பே ஆட்சேபம் சொன்னால், ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கொடுத்து வெளியிடுங்கள்.

நடுவர்களின் பேச்சை டிவியில் போட்டுக் காட்டும் அளவுக்கு இந்தச் சில வருடங்களில் முன்வந்திருக்கிறீர்கள். நான் கேட்பது அதைவிடச் சின்ன வேலை. அடுத்த சீசனின் முதல் நியமனப் பட்டியலோடு இதையும் சேர்த்து வெளியிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால், ஏன் முடியாது என்றாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு லிவர்பூல் ரசிகன்