வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: பனிப் பிரேம், மெசின், இந்த வருட விலை

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வழக்கமாகத் தீபாவளி முடிந்த கையோடு எங்கள் கடிதம் வந்துவிடும். புது டிசைன் படங்களும் கூடவே இருக்கும். இந்த முறை பிந்திவிட்டது. படங்கள் பிறகு வரும். அதற்கு முன் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். போன நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) 380 ரூபாய்க்குக் கொடுத்த கைவேலை வாழ்த்து அட்டை இந்த வருடம் 450. தடித்த மட்டை, ஃபோம் டேப், வெட்டும் தகடு எல்லாமே கடல் தாண்டி வருகிற சாமான். 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள், நினைவிருக்கும். அந்த வருடம் உங்களில் சிலர் வீட்டில் மிஞ்சிக் கிடந்த கல்யாண அட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து தந்தீர்கள். அதில்தான் பனி மரம் வெட்டினோம். பொன் நிறத்தில் பனி! யாரும் குறை சொல்லவில்லை. 2024 தையில் பெறுமதி சேர் வரி 18 வீதமானபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு பழைய விலையிலேயே கொடுத்தோம். இனி முடியவில்லை.

சரி, இப்போது மற்ற விசயம்.

"கைவேலை என்று சொல்லி விற்கிறார்கள், எல்லாம் மெசினில் வெட்டினது" என்று ஒரு குரல் பதிவு போன மாதத்திலிருந்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. எனக்கே ஐந்து பேர் அனுப்பிவிட்டார்கள். பேசியவர் நாலு வருடமாக எங்களிடம் வாங்குகிறவர். பெயர் சொல்லப் போவதில்லை. பத்து அட்டையை மேசையில் பரப்பிப் பார்த்தாராம், அவற்றின்மேல் ஒட்டியிருக்கும் பனிப்பூச் சட்டம், அதுதான் பிரேம், பத்தும் ஒன்றுபோலவே இருந்ததாம். வேறு தொனியில் சொல்லியிருந்தால் பாராட்டு என்று எடுத்திருப்பேன்.

மெசின் இருக்கிறது. அதை நாங்கள் ஒளித்து வைக்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். கரும்புச் சாறு பிழிகிற மெசினுக்குத் தங்கச்சி மாதிரி: இரண்டு உருளை, ஒரு கைப்பிடி, கரண்ட் கிடையாது. அடியில் ஒரு தகடு, அதன்மேல் கூர் ஓரம் மேலே பார்க்க உருக்கு டை (வடிவத்தை வெட்டுகிற அச்சு), அதன்மேல் மட்டை, மட்டைக்கு மேலே இன்னொரு தகடு. எல்லாவற்றையும் சேர்த்து உருளைக்குள் விட்டுக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சுற்றுவது நான். வலது தோள் சாட்சி.

பிரேம் வேண்டுமென்றால் ஒரு டை போதாது. பெரிய சதுரத்துக்குள் சின்னச் சதுரத்தை வைத்து, நாலு பக்கமும் இடைவெளி சமனாக இருக்கிறதா என்று பார்த்து, நகராமல் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் வெட்டலாம். மயிரிழை நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் நூல். பனிப்பூ பிரேம் என்றால் ஒரு ஓட்டத்தில் வெட்டுப்படாது. திருப்பி வைத்து இரண்டு மூன்று தரம் ஓட்ட வேண்டும். அப்புறம் ஊசியால் ஒவ்வொரு துளையிலிருந்தும் பொட்டுப் பொட்டாகக் கடதாசியைக் குத்தி எடுக்க வேண்டும். பெரிய பிரேமில் அறுபத்து மூன்று துளை. எண்ணியிருக்கிறேன்.

அதுவும் எந்தக் காலத்தில்? ரொறொன்ரோவில் பனி கொட்டத் தொடங்கும்போது இங்கே மாரி. திருகோணமலையில் உப்புவெளிக் கடல் கொந்தளிக்கிறது, உடுப்புக் காயவில்லை, பனியையே கண்ணால் காணாத நாங்கள் இருந்து பனி வெட்டுகிறோம். மட்டை ஈரம் குடித்துவிட்டால் டை வெட்டாது, நசுக்கும். ஓரமெல்லாம் தும்பு நிற்கும். அதனால் மட்டை முழுவதும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் இருக்கிறது. தண்ணீர்ப் பசை பூசினால் மெல்லிய பிரேம் பொரித்த பப்படம் மாதிரி வளைந்துவிடும். ஆகவே ஃபோம் டேப்பைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பின்னால் ஒட்டுகிறோம். பிரேம் மட்டையை விட்டு எழும்பி, அதன் நிழல் விழுகிறதே, அது அந்த டேப்பின் வேலை.

தையல் மெசினில் அக்கா தைத்துத் தந்த சட்டையை யாராவது கடைச் சட்டை என்று சொல்வார்களா? 1843இல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட முதல் நத்தார் அட்டையே கல்லச்சில் அடித்து, பிறகு கையால் நிறம் தீட்டியதுதான். ஒன்று ஒரு ஷில்லிங். அந்த நாளில் அது சில்லறைக் காசு இல்லை. (விலையைப் பற்றி முறைப்பட்டவர்களும் இதை வாசிக்கலாம்.)

அட்டையில் வருகிற மான் மட்டும் சுத்தமாகக் கத்தி வேலை. டையோடு வந்த பனிமானை (ரெயின்டியர்) விட்டுவிட்டு, இங்கே திருகோணமலைப் பிரட்றிக் கோட்டையில் நிற்கும் நம்முடைய புள்ளிமானை வரைந்து வெட்டுகிறோம். ஒஸ்லோவிலிருந்து ஒரு அக்கா, "பெண் மானுக்குக் கொம்பு எங்கே?" என்று கேட்டிருந்தார். பனிமானில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு அக்கா, உண்மைதான். புள்ளிமானில் ஆணுக்கு மட்டும்தான்.

எங்களோடு ஆறு வருடம் இருந்த பிள்ளை கல்வியியற் கல்லூரி கிடைத்துப் போய்விட்டா. சந்தோசமாகத்தான் அனுப்பிவைத்தோம், ஆனால் ஊசி வேலையில் அந்தக் கை இனி வராது. இப்போது நானும் இவரும், பின்னேரத்தில் மாமியும். மாமிக்குக் கண்ணாடி மாற்றியிருக்கிறோம். அதனால் வெளிநாட்டுக்குப் போகிற ஓடர்களைக் கார்த்திகை 20க்கு முன்னும், உள்ளூர் ஓடர்களை மார்கழி 10க்கு முன்னும் தந்துவிடுங்கள். உள்ளே வரும் வாழ்த்து வரி இந்த வருடம் அச்சில் இருக்கும், பெயரை மட்டும் கையால் எழுதுவோம். உறை பழைய அளவுதான்.

முழங்கால் வெள்ளத்தில் குடையோடு வந்து அட்டை வாங்கிப் போனவர்களை மறக்கமாட்டோம். வெளிநாட்டில் இருந்துகொண்டு, "அம்மாவின் கையில் நேரே கொண்டுபோய்க் கொடுங்கோ" என்று நம்பிக் காசு அனுப்புகிற பிள்ளைகளையும் அப்படியே. நீங்கள் இல்லாவிட்டால் இந்த மெசின் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

சனிக்கிழமை பின்னேரங்களில் கடையில்தான் வெட்டுகிறோம். சந்தேகம் உள்ளவர்கள் வந்து ஒரு பிரேம் நீங்களே சுற்றிப் பாருங்கள்; கைப்பிடி கொஞ்சம் இறுக்கம். குரல் பதிவு போட்டவரும் வரலாம். அவருக்குப் பத்து அட்டை பழைய விலைக்கே எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அட்டைக் கடை
திருகோணமலை