அடுத்த ஸ்கினுக்கு முன்னால் சர்வர்: கேம் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சனிக்கிழமை இரவு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். புது அப்டேட் வந்த இரவு. பெரம்பூர், புளியந்தோப்பு, கொளத்தூர் என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கும் எங்கள் ஸ்குவாட், அதாவது எங்கள் அணி, ஆட்டத்தின் கடைசி வட்டம் வரை வந்துவிட்டது. சர்வருக்குப் போய்வர ஆகும் நேரமான பிங், 40 மில்லிசெகண்டில் இருந்தது 900-க்கு எகிறியது. சுட்ட குண்டு ஒன்றுகூடப் பதியவில்லை. மறுபடி உள்ளே வந்தால் ஆட்டத்துக்கு வெளியே, காத்திருக்கும் லாபியில் நிற்கிறோம், ரேங்க் புள்ளி போயிருக்கிறது. காரணம், நாங்கள் பாதியில் ஓடிவிட்டோமாம்.

புகார் கொடுத்தேன். "உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று பதில் வந்தது. சரி, பார்த்தேன். அதே வைஃபையில் உங்கள் ஸ்டோர் சட்டென்று திறந்தது. டிராகன் ஸ்கின் (ஆட்டத்தில் தோற்றத்தை மாற்றும் அலங்காரம்தான் ஸ்கின்) ஜொலித்தது. எங்களில் ஒருவன் அந்த நேரத்திலேயே உங்கள் கேம் காசான டைமண்ட் வாங்கினான். யூபிஐ பணம் ஒரு நொடி தாமதிக்காமல் உங்களுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் நெட் கோளாறு என்றால் காசு மட்டும் எப்படி ஐயா வந்தது?

அடுத்த ஸ்கினை விடும் முன் சர்வரைச் சரிசெய்யுங்கள்.

லாபம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இலவசமாக ஆடவிடுகிறீர்கள், ஸ்கின் விற்றுத்தான் சம்பளம் போடவேண்டும். ஆனால் 520 டைமண்ட் விலையுள்ள துப்பாக்கி ஸ்கினுக்கு, டைமண்டை 500, 1,000 என்று மட்டும் பேக் போட்டு விற்பது எந்த ஊர் நியாயம்? அண்ணாச்சி கடையில்கூடக் கால் கிலோ கேட்டால் கால் கிலோ கிடைக்கும். ஏமாற்றி ஆடும் ஹேக்கரைப் பற்றிப் புகார் கொடுத்தால் வாரக்கணக்கில் பதில் இல்லை. அவனும் உங்களிடம் காசு கொடுத்து சீசன் பாஸ் வாங்கியவனோ என்னவோ.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசுக்கு விற்கும் லூட் பாக்ஸ் சூதாட்டம்தான் என்று பெல்ஜியம் 2018-லேயே சொல்லிவிட்டது. பட்டன்களைக் குழப்பமாக வைத்து வாங்கவைத்ததாக வந்த புகாரில், ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர் கட்ட 2022-இல் ஒப்புக்கொண்டது ஃபோர்ட்நைட் கேமின் நிறுவனம். "இன்னும் 2 மணி நேரமே" என்று ஓடி முடிந்து, மறுநாள் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறதே உங்கள் கவுண்ட்டவுன், அந்த மாதிரிப் பொய் அவசரத்துக்கு இந்தியாவிலும் 2023 முதல் தடை இருக்கிறது. உங்கள் வக்கீல்களைக் கேட்டுப் பாருங்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது இவ்வளவுதான்: இரவு நெரிசல் நேரத்துக்குத் தாங்குகிற மாதிரி சர்வரைக் கூட்டுங்கள். சனிக்கிழமை கழித்த புள்ளிகளைத் திருப்பிக் கொடுங்கள். அதுவரை புது ஸ்கின் எதையும் விடாதீர்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஓர் ஆட்டக்காரன்